உள்ளங்கைக் கணினியின் வாயில்: திறந்த மூல இயக்கம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கணினியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் விற்பனையில் வென்ற பொருள்களின் வரலாற்றையே எழுதியுள்ளனர். 1990களின் பிற்பகுதி தொடக்கம் 2000களின் நடுப்பகுதி வரை, உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினிகளிலே லினக்ஸ் முதலிய திறந்த மூலப் பணிசெயல் முறைமைகளை இயக்க முயன்றோருக்கு அவ்வரலாற்றிற் கிடைத்திருப்பது ஓர் அடிக்குறிப்பின் இடமே. அந்த அடிக்குறிப்பிலும் இருவேறு மதிப்பீடுகள் காணப்படுகின்றன. ஒரு சாரார் அம்முயற்சியைப் பொறியியலாளர் சிலரின் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுவர். மறு சாரார், இன்று கோடிக்கணக்கான கைத்தொலைபேசிகளின் உள்ளே லினக்ஸ் இயங்குவதைச் சுட்டிக்காட்டி, அதற்கு வழி சமைத்தது அம்முயற்சியே எனப் போற்றுவர். முதற்கூற்று அங்கு நிகழ்ந்த உழைப்பின் தன்மையை அறியாதது. இரண்டாவது கூற்று அவ்வுழைப்பின் பயனை யார் பெற்றார் என்று வினவாதது. இரு சாராரும் எழுப்பத் தவறிய வினா ஒன்றுண்டு. அக்கருவிகளின் உள்ளே பிறிதொரு முறைமையை ஏற்றுவதற்கான வாயிலைத் திறந்துவைத்தவர் யார், அதனை மூடும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே அது. அவ்வினாவை முன்வைத்து நோக்கும்போது இவ்வியக்கத்தின் பலமும் பலவீனமும் ஒருங்கே புலப்படும்.

திறந்த மூலம் என்ற கருத்து உள்ளங்கைக் கணினியோடு தோன்றியதன்று. 1983இல் றிச்சர்ட் ஸ்ரோல்மன் குனுத் திட்டத்தை அறிவித்தபோதும், 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் ரோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருப்பகுதியை முதன்முதலாக வெளியிட்டபோதும், அவர்கள் மனத்திலிருந்தவை மேசைமேலும் ஆய்வுகூடங்களிலும் வீற்றிருந்த இயந்திரங்களே. மூலநிரல் எல்லோருக்கும் கிடைக்கவேண்டும், அதனைப் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை வேண்டும் என்பது ஸ்ரோல்மனின் கோரிக்கை. திருத்திய நிரலை இயந்திரத்தில் ஏற்ற முடியுமா என்ற ஐயம் தனியாள் கணினியைப் பொறுத்தவரை எழவே இல்லை. அதற்குக் காரணம் உண்டு. 1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட தனியாள் கணினி, பெரும்பாலும் சந்தையிற் கிடைத்த உறுப்புகளைக் கொண்டு பொருத்தப்பட்டது. எவருடைய நெகிழ்வட்டைச் செருகினாலும் அதிலுள்ள முறைமையை அது ஏற்று இயக்கும். இவ்வியல்பு எந்தத் தத்துவத்திலிருந்தும் பிறந்ததன்று. விரைவாகச் சந்தைக்கு வரவேண்டும் என்ற வணிக அவசரத்திலிருந்து பிறந்தது. லினக்ஸ் அந்தத் திறந்த முற்றத்தில் வளர்ந்த பிள்ளை. முற்றம் எப்போதும் இருக்கும் என்றே அது எண்ணிக்கொண்டது.

உள்ளங்கைக் கணினிக்கு முற்றம் கிடையாது. வட்டுச் செருகும் வாயில் அதிலில்லை. பணிசெயல் முறைமை, பலகையோடு பற்றாசிட்டுப் பொருத்திய நினைவகச் சில்லுகளில் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டுவிடும். வாங்குபவர் கருவியையும் முறைமையையும் ஒன்றாகவே வாங்குகிறார். ஒன்றைக் கொண்டு மற்றதை விலக்குதல் இயலாது. இந்தப் பொருளியல் நிலைமையை விளங்கிக்கொள்ளாமல் இத்துறையில் நிகழ்ந்தவற்றை மதிப்பிடப் புகுவது நிலத்தைப் பாராது பயிரைப் பேசுவதாகும்.

1996இல் வெளிவந்த பாம் பைலற் என்ற கருவியே உள்ளங்கைக் கணினியைப் பரவலாக்கியது. அதில் லினக்ஸை இயக்கும் முயற்சி 1998இலேயே யூசிலினக்ஸ் என்ற பெயரில் வெற்றிகண்டது. அம்முயற்சியின் அருமையை உணர ஒரு தொழில்நுட்பச் செய்தி வேண்டும. பெருங்கணினிகளில் ஒரு நிரல் மற்றொரு நிரலின் நினைவகப் பகுதியைத் தீண்டாதவாறு காவல் செய்யும் உறுப்பு ஒன்று செயலியினுள் உண்டு. பாம் பைலற்றில் இருந்த மோட்டரோலாச் செயலியில் அக்காவல் இல்லை. அக்காவல் உண்டென்ற நம்பிக்கையின் மேலேயே கட்டப்பட்ட லினக்ஸை, அக்காவல் அற்ற செயலிக்கு மாற்றி எழுதினர். பிழையான நிரல் ஒன்று முழு முறைமையையும் வீழ்த்திவிடக்கூடும் என்று அறிந்தே செய்தனர். சாதனை என்ற வகையில் இது பெரிது. ஆயினும் பாம் பைலற்றை வைத்திருந்தவருக்கு அதனால் நேரடிப் பயன் விளைந்தது எனக் கூறுவது மிகை. இரு சிறு மின்கலங்களில் வாரக்கணக்கில் இயங்கி, எழுதுகோல் பட்டவுடன் நாட்குறிப்பைத் திறந்து காட்டிய சொந்த முறைமையின் முன், லினக்ஸ் அங்கு விருந்தாளியாகவே நின்றது. யூசிலினக்ஸின் பயன் வேறிடத்தில், காவலற்ற மலிவான செயலிகளைக் கொண்ட சிறு கருவிகளில் விளைந்தது.

நிலைமையை மாற்றியது ஸ்ரோங்ஆம் என்ற செயலி. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் இச்செயலியில் நினைவகக் காவலும் இருந்தது. அமெரிக்காவின் டிஜிற்றல் கம்பனி தன் பாலோ ஆல்ற்றோ ஆய்வுகூடத்தில் இதனைக் கொண்டு இற்சி என்ற பரிசோதனைக் கருவியை அமைத்து, அதில் லினக்ஸையே முறைமையாக வைத்தது. 1998இல் கொம்பக் கம்பனி டிஜிற்றலை விலைக்கு வாங்கியது. ஆய்வுகூடங்களும் அதனோடு கைமாறின. 2000ஆம் ஆண்டில் கொம்பக் வெளியிட்ட ஐபக் எச். 3600 வகைக் கணினி இற்சியை ஒத்த உறுப்புகளை உடையது. 206 மெகாஹேட்ஸ் வேகச் செயலி, 32 மெகாபைற் நினைவகம், அழிக்காமல் தேக்கிவைக்கும் பிளாஷ் நினைவகம் 16 மெகாபைற், 240க்கு 320 புள்ளிகள் கொண்ட வண்ணத்திரை. ஆனால் கடையில் விற்கப்பட்ட ஐபக்கினுள் இருந்தது மைக்ரோசொவ்ற்றின் விண்டோஸ் சி.ஈ.யை அடிப்படையாகக் கொண்ட பொக்கற் பி.சி. முறைமை.

இங்கேதான் விமர்சகர் நின்று நோக்கவேண்டிய முரண் தோன்றுகிறது. மைக்ரோசொவ்ற்றின் முறைமையோடு கருவியை விற்ற அதே கொம்பக் கம்பனியின் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்தோர், அதே கருவிக்கு லினக்ஸை மாற்றியமைத்து, அதனை ஏற்றும் வழியையும் வெளியுலகுக்கு வழங்கினர். ஹான்ட்ஹெல்ட்ஸ் என்ற பெயரில் அமைந்த கூட்டு முயற்சி அங்கிருந்தே ஊட்டம் பெற்றது. எக்ஸ் விண்டோ முறைமையை 1984இல் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவாக்கிய இருவருள் ஒருவரான ஜிம் கெற்றிஸ் இதில் முன்னின்றார். கம்பனியின் ஒரு கை பூட்டியதை மறு கை திறந்தது எனலாம். இதனை நல்லெண்ணத்தின் வெளிப்பாடு என்று மட்டும் கொள்வதும், வணிகத் தந்திரம் என்று மட்டும் கொள்வதும் பொருந்தா. ஆய்வுகூடத்தார்க்குத் தம் ஆராய்ச்சியை நிகழ்த்தத் திறந்த கருவி தேவைப்பட்டது. கம்பனிக்கோ கருவி எவ்வகையில் விற்றாலும் இலாபமே. அவ்விரு தேவைகளும் சில ஆண்டுகள் ஒரே திசையில் நடந்தன. கொம்பக் கம்பனியின் பிறப்பையும் இங்கு நினைவுகூரலாம். 1982இல் தொடங்கப்பட்ட அக்கம்பனி, ஐ.பி.எம். கணினியின் அடிப்படை நிரலை அதன் நடத்தையை மட்டும் பார்த்துப் புதிதாக எழுதி, ஒத்தியங்கும் கணினியை விற்றே வளர்ந்தது. பிறர் வீட்டுத் திறந்த வாயிலால் நுழைந்து செல்வம் சேர்த்த கம்பனிக்கு வாயிலின் அருமை தெரியாதிருக்க நியாயமில்லை.

வாயில் எவ்வாறு திறந்தது என்பதைச் சற்று விரித்துரைத்தல் தகும். கணினி விழித்தெழும்போது முதலில் இயங்கி, பணிசெயல் முறைமையை எழுப்பிவிடும் சிறு நிரலைப் பூட்லோடர் என்பர். ஐபக்கில் அது பிளாஷ் நினைவகத்தின் தொடக்கத்தில் இருந்தது. லினக்ஸை ஏற்ற விரும்புபவர் முதலில் விண்டோஸினுள்ளேயே ஒரு சிறு நிரலை இயக்கி, பிளாஷில் உள்ள அனைத்தையும் மேசைக் கணினிக்குப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வார். பின்னர் அந்நிரலைக் கொண்டே பழைய பூட்லோடரை அழித்துப் புதியதை எழுதுவார். அந்தச் சில கணங்களில் மின்சாரம் தடைப்பட்டாலோ பிழையான கோப்பு எழுதப்பட்டாலோ கருவி மீண்டும் கண் விழிக்காது. அதனை உயிர்ப்பிக்கக் கருவியைத் திறந்து, சில்லின் சோதனை முனைகளுக்குத் தனிக்கருவி பூட்டவேண்டிவரும். ஆகவே மின்கலம் நிறைந்திருக்கவேண்டும், மின்னிணைப்புப் பூட்டியிருக்கவேண்டும், ஒன்றுக்கு இருமுறை சரிபார்க்கவேண்டும் என்ற எச்சரிக்கைகள் செய்முறை விளக்கங்களில் திரும்பத் திரும்ப வரும். புதிய பூட்லோடர் எழுந்தபின், தொடர்முறைக் கம்பி வழியே முழு முறைமையையும் அனுப்பவேண்டும். விநாடிக்கு 115,200 பிற்றுகள் செல்லும் அக்கம்பியில் பிளாஷ் முழுவதையும் நிரப்ப இருபது நிமிடத்துக்கு மேற்படும். இறுதியில் திரையில் பென்குயின் உருவம் தோன்றும்.

இந்நிகழ்வைச் சடங்கு என நகைப்போர் உளர். நகைப்பதற்கு முன் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஐபக்கின் பிளாஷ் மாற்றி எழுதக்கூடியதாக அமைந்திருந்தது. அக்காலத்து வேறு சில பொக்கற் பி.சி. கருவிகளில் முறைமை மாற்றமுடியாத சில்லுகளில் எழுதப்பட்டிருந்தது; அங்கு இம்மாற்றத்துக்கு இடமே இல்லை. ஆகவே விடுதலை என்று கொண்டாடப்பட்டது, ஒரு கம்பனி எவ்வகைச் சில்லைத் தெரிந்தெடுத்தது என்ற முடிவில் தங்கியிருந்தது.

வாயிலின் உள்ளே நிகழ்ந்த உழைப்போ வேறு தரத்தது. பமிலியர் என்ற பெயரில் வெளிவந்த லினக்ஸ் தொகுப்பு, டெபியன் என்ற பெருந்தொகுப்பின் வழிவந்த முறைகளை 16 மெகாபைற் இடத்தினுள் சுருக்கியது. டெபியனின் பொதி முகாமைக் கருவி அவ்விடத்துக்குப் பருமன் மிக்கதாதலின் ஐபிகேஜி என்ற சிறு கருவி எழுதப்பட்டது. பிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவைக்கு மேல் அழித்தெழுதினால் அது தேய்ந்து பழுதாகும். எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே சென்று தேய்வைப் பகிர்ந்தளிப்பதும், தரவைச் சுருக்கி வைப்பதும், எழுதும் நடுவில் மின்சாரம் நின்றாலும் குலையாதிருப்பதுமான ஜே.எவ்.எவ்.எஸ்.-2 என்ற கோப்பு முறை 2001இல் உருவானது. பமிலியர் அதனை ஏற்றுக்கொண்டது. பொக்கற் பி.சி.யில் பயனர் எழுதிய குறிப்புகள் மின்சாரம் உள்ளவரை மட்டுமே நிலைக்கும் நினைவகத்தில் இருந்தன. மின்கலம் முற்றாக இறந்தால் குறிப்புகளும் இறந்தன. அதே கருவியில் பமிலியரை ஏற்றியவரின் குறிப்புகள் பிளாஷில் இருந்தமையால் மின்கலத்தோடு மடியவில்லை. கம்பனியின் முறைமையைவிடத் தொண்டர்களின் முறைமை பயனருக்கு மேலான காவல் அளித்த இடம் இது.

மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. ஸ்ரோங்ஆம் செயலியில் பின்ன எண்களைக் கையாளும் தனி உறுப்பு இல்லை. இசைக் கோப்புகளை ஒலியாக்கும் நிரல்கள் பெரும்பாலும் பின்ன எண்களிலேயே கணக்கிட்டன. அவற்றை அவ்வாறே இயக்கினால் ஒவ்வொரு கணக்கும் மென்பொருளாற் போலி செய்யப்பட்டு இசை திக்கித் திணறும். இச்சிக்கலுக்கு விடையாக, முழு எண்களால் மட்டுமே கணக்கிடும் வகையில் ஒலியாக்கும் நிரல்கள் எழுதப்பட்டன. எம்.பி.3 வகைக்கு லிப்மாட், ஓக் வோர்பிஸ் வகைக்கு 2002இல் திறந்த உரிமத்தின்கீழ் வெளியான ட்ரெமர் ஆகியன அவ்வகையின. கணக்கின் அடிப்படையையே மாற்றி எழுதும் இவ்வேலையைப் பொழுதுபோக்கு என அழைப்பவர், வெண்பாவைப் பொழுதுபோக்கு என அழைக்கவும் தயங்கார். கட்டுப்பாடு இறுக இறுகக் கைத்திறன் கூர்மை பெற்றது என்பதற்கு இவை சான்று.

எனினும் ஈழத்து விமர்சனத்திற் பழகிப்போன உருவம், உள்ளடக்கம் என்ற பிரிப்பை இங்குப் பொருத்திப் பார்க்கும்போது மகிழ்ச்சி குறைகிறது. பமிலியரின் மேல் இரு முகங்கள் போட்டியிட்டன. நோர்வேயின் ட்ரோல்ரெக் கம்பனி ஆக்கிய கியூரோப்பியாவிலிருந்து 2002இல் பிரிந்து வளர்ந்த ஓப்பி ஒன்று. எக்ஸ் விண்டோவையும் ஜி.ரி.கே. கருவித்தொகுதியையும் தழுவிய ஜி.பி.ஈ. மற்றது. முன்னது திரையில் நேரே வரைந்து விரைவாக இயங்கியது. பின்னது யுனிக்ஸ் மரபுக்கு உண்மையாயிருந்தது. மேசைக் கணினியின் நிரல்களைச் சிறு மாற்றங்களுடன் ஏற்றுக்கொண்டது. ஆதரவாளர்க்கிடையே நிகழ்ந்த விவாதங்கள் இலக்கியக் குழுக்களின் விவாதங்களை நினைவூட்டுவன. கையில் வைத்துப் பயன்படுத்துவதற்கு ஓப்பியே தகுதியுடையது என்பதில் ஐயமில்லை. 240 புள்ளி அகலத் திரையில் மேசைக்கான சாளரங்களைப் பொருத்திப் பார்ப்பது, பெரிய கோயிலின் கோபுரத்தைப் பெட்டிக்கடையின் மேல் வைப்பதை ஒக்கும். ஆனால் இரு முகங்களிலும் உள்ளே இருந்தவை எவை? நாட்குறிப்பு, முகவரிப் புத்தகம், செய்யவேண்டியவற்றின் பட்டியல், குறிப்பேடு. பாம் பைலற்றின் முகப்பில் இருந்த நான்கு பொத்தான்களும் இந்நான்குக்கே உரியன. இவை அமெரிக்க அலுவலக ஊழியர் ஒருவரின் சட்டைப்பையை மனத்திற் கொண்டு அமைந்தவை. முறைமையின் ஒவ்வொரு வரியையும் கேள்விக்குட்படுத்திய தொண்டர்கள், அம்முறைமை எவருடைய வாழ்வுக்கு, எத்தேவைக்கு என்ற கேள்வியைப் பெரும்பாலும் எழுப்பவில்லை. புதிய யாப்பில் பழைய பொருள் பாடப்பட்டது. இக்குறையைச் சுட்டாத பாராட்டு விமர்சனமாகாது.

அக்கேள்வியை எழுப்பியவர்கள் பெங்களூரில் இருந்தனர். இந்திய விஞ்ஞான நிறுவகத்து ஆசிரியர்களும் என்கோர் என்ற மென்பொருள் கம்பனியின் பொறியியலாளரும் கூடி வடிவமைத்த சிம்பியூட்டர் 2001இல் மாதிரிக் கருவியாக வெளிக்காட்டப்பட்டது. எளிய, மலிவான, பன்மொழி கொண்ட, மக்கள் கணினி என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே அதன் பெயர். அதன் செயலியும் ஸ்ரோங்ஆம், முறைமையும் லினக்ஸ். ஐபக்கிலிருந்து அதனை வேறாக்கியது அதன் உள்ளத்தில் இருந்த பயனர். எழுத்தறியாதவருக்கும் பயன்படவேண்டும் என்பதால் எழுத்தை இந்திய மொழிகளில் ஒலியாக்கிச் சொல்லும் மென்பொருள் அதற்கென ஆக்கப்பட்டது. ஒவ்வொருவரும் ஒரு கருவியை வாங்க இயலாது என்பதால், நுண்ணட்டை செருகும் இடம் வைக்கப்பட்டது. கருவி கிராமத்துக்குப் பொது. ஒவ்வொருவரின் தரவும் அவரவர் அட்டையில். கலப்பையை இரவல் வாங்கி உழும் சமூகத்தை அறிந்தவர்களுக்கே இவ்வமைப்புத் தோன்றும். மென்பொருளுக்கு மட்டுமன்றி வன்பொருளின் வடிவமைப்புக்கும் தனி உரிமம் வகுத்து, அதனைப் பிறரும் எடுத்து உற்பத்தி செய்ய வழி விட்டனர். ஐபக்கில் கம்பனி திறந்துவைத்த வாயில், இங்கே வீட்டின் வரைபடத்தோடே வழங்கப்பட்டது.

ஆயினும் சிம்பியூட்டர் பரவவில்லை. 2004இல் பாரத் எலெக்ற்றோனிக்ஸ் நிறுவனத்தின் உற்பத்தியாக அமிடா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது, அதன் மலிவான வகையே பத்தாயிரம் இந்திய ரூபாயை அண்மித்தது. 2005 அளவில் விற்பனையானவை சில ஆயிரமே. வரைபடம் எவருக்கும் திறந்திருந்தது; ஆனால் செயலியும் திரையும் நினைவகமும் உலகச் சந்தையில் வாங்கப்படவேண்டியவை. பெருந்தொகையாக வாங்குவோருக்கே அவை மலிவு. சிறுதொகையாக உற்பத்தி செய்பவர் உயர்ந்த விலை கொடுத்தார். உயர்ந்த விலையால் விற்பனை சிறுத்தது. இதே ஆண்டுகளில் கைத்தொலைபேசி விரைந்து மலிந்து கிராமங்களை அடைந்தது. சிம்பியூட்டரைத் தோல்வி எனச் சொல்வோர் அதன் சிந்தனையைத் தோல்வியாகக் கருதுவது தவறு. தோற்றது, வடிவமைப்பைத் திறந்துவிட்டால் உற்பத்தியும் தானே மக்கள் கைக்கு வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு.

வாயில் திறந்திருந்தும் உள்ளே ஓர் அறை பூட்டப்பட்டிருப்பதன் விளைவைக் காட்டுவது ஷார்ப் கம்பனியின் சோரஸ். 2002இல் சந்தைக்கு வந்த சோரஸ் எஸ்.எல்.-5500, ஐபக்கைப் போலன்றி, தொழிற்சாலையிலிருந்தே லினக்ஸையும் கியூரோப்பியாவையும் கொண்டு வெளிவந்தது. 2001இல் லினக்ஸோடு விற்பனைக்கு வந்த அஜெண்டா வி.ஆர்.3 என்ற சிறு கருவி நிலைத்துநிற்காத நிலையில், பெரிய யப்பானியக் கம்பனி ஒன்று இவ்வழி வந்தமை இயக்கத்தினர்க்குப் பெருநம்பிக்கை அளித்தது. சறுக்கித் திறக்கும் சிறு விசைப்பலகையோடு கூடிய அக்கருவி, நிரல் எழுதுவோரின் கைக்கு ஏற்றதாகவும் இருந்தது. கம்பனியின் முறைமையை நீக்கி முற்றாகத் திறந்ததொன்றை வைக்க ஓப்பன்சோரஸ் என்ற தொகுப்பும் எழுந்தது. அங்கேதான் பூட்டிய அறை எதிர்ப்பட்டது. எஸ்.டி. நினைவட்டையை இயக்கும் இயக்கி நிரலின் மூலத்தைக் கம்பனி வெளியிடவில்லை. பொறிமொழிக் கோப்பாக மட்டுமே வழங்கியது. அக்கோப்பு லினக்ஸ் கருப்பகுதியின் 2.4.18 என்ற பதிப்புக்கெனத் தொகுக்கப்பட்டது. வேறு பதிப்பில் அது இயங்காது. 2003 டிசெம்பரில் 2.6 பதிப்பு வெளிவந்து உலகம் அப்பால் நகர்ந்தது. நினைவட்டையை இழக்க விரும்பாத சோரஸ் பயனரோ நெடுங்காலம் 2.4.18இலேயே கட்டுண்டிருந்தனர். முழு முறைமையும் திறந்தது. ஒரேயொரு சிறு இயக்கி மூடியது. அந்த மூடிய துணுக்கே முழுவதன் வயதையும் தீர்மானித்தது. திறப்பின் அளவை நூற்றுக்கு இத்தனை பங்கு என்று கணக்கிட்டுப் பெருமைகொள்வோர் இவ்வெடுத்துக்காட்டை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும்.

ஐபக்கின் பிற்காலமும் இதனையே வேறு வகையில் உணர்த்துகிறது. 2002இல் கொம்பக், ஹியூலெற்-பக்கார்ட்டுடன் இணைந்தது. ஐபக் என்ற பெயர் தொடர்ந்தது. புதிய வகைகள் அடுத்தடுத்து வந்தன. அவற்றிற் பலவற்றுக்குக் கம்பனிக்குள்ளிருந்து வழிகாட்டல் கிடைக்கவில்லை. தொண்டர்கள் சில்லுகளின் நடத்தையை ஒவ்வொன்றாகச் சோதித்தறிந்தே லினக்ஸைப் பொருத்தினர். பூட்லோடரைத் தொட அஞ்சியோ வழியறியாமலோ, விண்டோஸின் உள்ளிருந்தே லினக்ஸை நினைவகத்தில் எழுப்பும் ஹாரெட் என்ற நிரல் கைக்கொள்ளப்பட்டது. அவ்வாறு எழுப்பிய லினக்ஸ் மின்சாரம் உள்ளவரை இருக்கும்; கருவியை மீளத் தொடக்கினால் விண்டோஸே திரும்பி வரும். 2000இல் வீட்டுக்காரனாக இருந்த முறைமை சில ஆண்டுகளில் வாடகைக்கு வந்துவிட்டது.

அப்படியாயின் அவ்வுழைப்பு எங்கே போயிற்று? அழியவில்லை; இடம் பெயர்ந்தது. ஓப்பன்சோரஸ் தொகுப்பை ஆக்குவதற்கு எழுதப்பட்ட கட்டுமான முறைகளிலிருந்து 2003இல் ஓப்பன்எம்பெடெட் என்ற திட்டம் பிறந்தது. எந்தச் செயலிக்கும் எந்தக் கருவிக்கும் ஒரு முழு லினக்ஸை மூலத்திலிருந்து சமைத்துத் தரும் செய்குறிப்புகளின் தொகுதி அது. 2010இல் லினக்ஸ் பவுண்டேசன் அறிவித்த யொக்ற்றோத் திட்டம் அதனையே அடித்தளமாகக் கொண்டது. இன்று தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் மோட்டார் வாகனங்களிலும் கைத்தொழிற் கருவிகளிலும் இயங்கும் லினக்ஸ் பல அவ்வழியிற் சமைக்கப்பட்டவை. ஐபிகேஜி, ஓபிகேஜி என்ற வடிவில் வீட்டு வலையமைப்புக் கருவிகளுக்கான ஓப்பன்டபிள்யூஆர்ரி தொகுப்பிற் பல்லாண்டு வாழ்ந்தது. உள்ளங்கைக் கணினியைத் தன் கைக்கு உரியதாக்க முயன்றவர்களின் கருவிகள், உரியவர் திறக்க இயலாத பெட்டிகளைச் செய்யும் தொழிற்சாலைகளின் கருவிகளாயின. இதனைச் சுரண்டல் என்று உடனே பெயரிடுவது எளிது. ஆனால் முழு உண்மையன்று. எழுதியோர் எவரும் பயன்படுத்தலாம் என்று கூறியே வழங்கினர். தொழிற்சாலைகளிலிருந்து திருத்தங்களும் திரும்பி வந்தன. சிக்கல் உரிமத்தின் நேர்மையில் அன்று, அதன் பரப்பில் இருந்தது. குனுப் பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு நிரலைத் திருப்பித் தருமாறு கேட்டது. திருத்திய நிரல் கருவியில் இயங்கவிடப்பட வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கவில்லை.

அக்குறையை ஸ்ரோல்மன் உணர்ந்தார். டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுக் கருவி, லினக்ஸைப் பயன்படுத்தி, நிரலையும் வெளியிட்டு, திருத்திய நிரலைத் தன்னுள் இயங்கவிடாது தடுத்தது. அதனை எதிர்கொள்ள 2007 யூனில் வெளியான மூன்றாம் பதிப்பு, நுகர்வோர் கருவிகளில் திருத்திய நிரலை நிறுவுவதற்கு வேண்டிய விபரங்களையும் வழங்கவேண்டும் என விதித்தது. ரோர்வால்ட்ஸ் இதனை ஏற்கவில்லை. மென்பொருள் உரிமம் வன்பொருள் வடிவமைப்பில் தலையிடக்கூடாது என்பது அவர் வாதம். லினக்ஸின் கருப்பகுதி இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. அவ்வாதம் தனியாள் கணினியின் முற்றத்தில் நின்று பேசுவோருக்கு நியாயமானதே. உள்ளங்கைக் கணினியின் பத்தாண்டு அனுபவத்தைக் கருத்திற் கொண்டிருந்தால் அது அத்துணை எளிதாகத் தோன்றியிராது. மென்பொருளுக்கும் வன்பொருளுக்கும் இடையே கோடு கிழிக்கப்பட்ட இடம் பூட்லோடர். அக்கோட்டின் இருபுறமும் கம்பனியின் கையிலேயே இருந்தது என்பதை ஐபக்கும் சோரஸும் முன்னரே காட்டிவிட்டன.

மறு ஆண்டு, 2008இல், லினக்ஸ் கருப்பகுதியைக் கொண்ட அன்ட்றொய்ட் தொலைபேசி சந்தைக்கு வந்தது. இன்று உற்பத்தியாளர் சிலர் பூட்லோடரைத் திறக்க அனுமதிப்பர், விண்ணப்பித்துக் குறியீடு பெறவேண்டும் என்ற நிபந்தனையோடு. வேறு சிலர் அனுமதிப்பதேயில்லை. 2017இல் தொடங்கிய போஸ்ற்மார்க்கெற் ஓ.எஸ். என்ற திட்டம், கைவிடப்பட்ட தொலைபேசிகளில் வழமையான லினக்ஸை ஏற்றி அவற்றுக்குப் பத்தாண்டு ஆயுள் கொடுப்பதைத் தன் நோக்கமாக அறிவித்தது. அத்திட்டத்தார் கருவிதோறும் ஒரு பட்டியல் வைத்துள்ளனர். திரை இயங்குகிறதா, தொடுகை இயங்குகிறதா, ஒலி வருகிறதா, அழைப்பு எடுக்க முடியுமா என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்புகின்றனர். இருபது ஆண்டுகளுக்கு முன் ஐபக்குக்கும் சோரஸுக்கும் தொண்டர்கள் கேட்டுக்கொண்ட கேள்விகளும் இவையே. பல கருவிகளுக்குப் பெரும்பாலான கட்டங்கள் இன்னும் வெறுமையாக உள்ளன. பூட்லோடர் திறவாத கருவிகளுக்கோ நிரப்புவதற்குக் கட்டமே தேவைப்படவில்லை.